ஆறு குழிகளில் மஞ்சள் நிறம்: இந்தியாவில் எச்.ஐ.வி.யை முதலில் கண்டறிந்த சுனிதி சாலமன் யார்? அந்தப் பரிசோதனை எப்படி வேலை செய்கிறது?

புது வேலையில் சேரும்போது மெடிக்கல் செக்கப் என்று ரத்தம் கொடுத்திருப்பீர்கள். அறுவை சிகிச்சைக்கு முன்போ, ரத்த தானத்தின்போதோ ஒரு குப்பி ரத்தம் போயிருக்கும். அதில் எச்.ஐ.வி. பரிசோதனையும் இருந்ததா? உங்களிடம் சம்மதம் கேட்டார்களா? முடிவு யார் கைக்குப் போனது? பெரும்பாலும் நாம் இதையெல்லாம் கேட்பதே இல்லை.

இந்தியாவில் இந்தக் கேள்விகள் தொடங்கிய இடம் சென்னை. 1986-ல், அன்றைய மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் மைக்ரோபயாலஜி பேராசிரியராக இருந்த சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் சேர்ந்து, நாட்டின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்தார்கள். பரிசோதனை முடிவு சொல்லும் வேலையோடு சுனிதி நின்றுவிடவில்லை. முடிவு வந்த பிறகு அந்த மனிதருக்கு என்ன ஆகிறது என்பதே அவருடைய அடுத்த முப்பது வருட வேலையாக மாறியது.

யார் இந்த சுனிதி சாலமன்?

சென்னையில் குடியேறி, தோல் வியாபாரம் செய்துவந்த மராத்திக் குடும்பத்தில் பிறந்தவர். அப்பா வீட்டுப் பெயர் கெய்டோண்டே. சின்ன வயதில், தடுப்பூசி போட வருஷா வருஷம் வீட்டுக்கு வரும் சுகாதார அதிகாரியைப் பார்த்துத்தான் மருத்துவத்தின் மேல் ஆசை வந்ததாகப் பின்னாளில் சொல்லியிருக்கிறார். மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் படித்தார். இதய அறுவை சிகிச்சை நிபுணர் விக்டர் சாலமனைத் திருமணம் செய்துகொண்டார். பிரிட்டன், அமெரிக்கா, ஆஸ்திரேலியா என்று நோய்க்குறியியலில் பயிற்சி. 1973-ல் இருவரும் சென்னைக்குத் திரும்பினார்கள். அதன்பின் மைக்ரோபயாலஜியில் முனைவர் பட்டம், பேராசிரியர் பணி. இதுவரை பார்த்தால் நன்றாகப் படித்த எந்த மருத்துவருக்கும் இருக்கக்கூடிய பாதைதான்.

மாற்றம் வந்தது ஒரு ஆய்வேட்டுத் தலைப்பில். 1981-ல் அமெரிக்காவில் எய்ட்ஸ் நோயாளிகள் பற்றிய முதல் அறிக்கைகள் வந்தன. 1983-ல் பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தில் வைரஸைப் பிரித்தெடுத்தார்கள். ஆனால், இங்கே பலருடைய நம்பிக்கை வேறு: அது மேல்நாட்டு நோய், நம் 'கலாசாரத்தில்' வராது. மும்பையில் எடுக்கப்பட்ட நூற்றுக்கணக்கான மாதிரிகள் புனே வைராலஜி நிறுவனத்தில் பரிசோதிக்கப்பட்டு, ஒன்றில்கூட தொற்று தெரியவில்லை என்பதும் அந்த நம்பிக்கைக்குத் தெம்பாக இருந்தது. அந்தச் சூழலில்தான், தலைப்பு தேடிக்கொண்டிருந்த 32 வயது முதுநிலை மாணவி நிர்மலாவிடம், 'சென்னையில் தேடிப் பாரேன்' என்ற யோசனையை சுனிதி வைத்தார்.

1986 பிப்ரவரியில் என்ன நடந்தது?

200 மாதிரிகள் வேண்டும். யாரிடம் எடுப்பது? மும்பை, கொல்கத்தா போல சென்னையில் பாலியல் தொழிலுக்கென்று தனிப் பகுதி கிடையாது. மருத்துவமனைக்கு வந்த பெண்களிடம் விசாரித்ததில், போலீஸ் பிடித்துக்கொண்டு போகும் பெண்களை அடைத்துவைக்கும் அரசு விஜிலன்ஸ் ஹோம் பற்றித் தெரியவந்தது. வேலைக்குப் போகும் வழியில் கணவர் ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட, நிர்மலா அங்கே போய்வந்தார். கையுறை கிடையாது. பாதுகாப்பு உபகரணம் எதுவும் கிடையாது. மூன்று மாதத்தில் 80-க்கு மேல் மாதிரிகள் சேர்ந்தன. ரத்தத்திலிருந்து சீரத்தைப் பிரித்து, வைக்க வேறு வசதி இல்லாமல், தன் வீட்டு ஃப்ரிட்ஜிலேயே வைத்தார். இன்றைக்கு எந்த ஆய்வக மேலாளரிடமும் இதைச் சொன்னால் தலையில் கைவைத்துக்கொள்வார்.

சென்னையில் அப்போது எலிசா பரிசோதனை வசதி இல்லை. சுமார் 140 கிலோமீட்டர் தள்ளி, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் இருந்தது. சுனிதி அங்கே பேசி ஏற்பாடு செய்தார். நிர்மலாவும் கணவரும் ஐஸ் பெட்டியோடு இரவு ரயில் ஏறி, காட்பாடியில் இறங்கி, ஆட்டோ பிடித்துப் போனார்கள். வைராலஜி துறையில் பேராசிரியர் ஜேக்கப் ஜான் இரண்டு உதவியாளர்களைக் கூட அனுப்பினார். அவர்களில் ஒருவர் ஜார்ஜ் பாபு. காலையில் தொடங்கிய வேலை, மதியம் மின்வெட்டால் நின்றது. எல்லோரும் டீ குடிக்கப் போனார்கள். திரும்பி வந்து தட்டின் மூடியைத் திறந்தபோது ஆறு குழிகள் மஞ்சளாகியிருந்தன.

ஜேக்கப் ஜான் ஓடிவந்து பார்த்தார். மாதிரிகள் எங்கே எடுத்தது என்று கேட்டார். உறுதியாகும்வரை வெளியே மூச்சுவிடக்கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். சென்னை திரும்பியதும் அந்த ஆறு பெண்களிடமிருந்து மறுபடி ரத்தம் எடுக்கப்பட்டு, மாதிரிகள் அமெரிக்கா போயின. அங்கே வெஸ்டர்ன் பிளாட் என்ற பரிசோதனையும் அதையே சொன்னது. தகவல் இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலுக்கும், பிரதமர் ராஜீவ் காந்திக்கும், தமிழக சுகாதார அமைச்சர் எச்.வி. ஹண்டேவுக்கும் போனது. மே மாதம் ஹண்டே சட்டமன்றத்தில் அறிவித்தார். பார்வையாளர் மாடத்தில் சுனிதியும் நிர்மலாவும் உட்கார்ந்திருந்தார்கள்.

ஒரு சின்னத் தகவல். அந்த வைரஸுக்கு எச்.ஐ.வி. என்ற பெயரே அந்த மே மாதம்தான் முன்மொழியப்பட்டது. அதனால்தான் 1987-ல் இந்தியன் ஜர்னல் ஆஃப் மெடிக்கல் ரிசர்ச்சில் வந்த இவர்களுடைய கட்டுரையின் தலைப்பில் எச்.டி.எல்.வி.-3 என்ற பழைய பெயர் இருக்கிறது.

அறிவிப்பு வந்ததும் பாராட்டு மழை என்று நினைத்தால், அதுதான் இல்லை. முடிவே தப்பு என்றார்கள். வடக்கத்திய குடும்பத்துப் பெண் ஒருவர் தமிழ்நாட்டை அசிங்கப்படுத்துகிறார் என்ற பேச்சும் வந்தது.

அந்தக் குழிகள் ஏன் மஞ்சளாகின?

எலிசா வைரஸைத் தேடுவதில்லை. வைரஸ் வந்துபோன தடத்தைத் தேடுகிறது. உடம்புக்குள் கிருமி நுழைந்தால், அதன் புரதங்களோடு ஒட்டிக்கொள்ளும் ஆன்டிபாடிகளை உடம்பு தயாரிக்கும். பிளாஸ்டிக் தட்டு ஒன்றில் 96 சின்னக் குழிகள். ஒவ்வொரு குழியின் அடியிலும் வைரஸ் புரதத்தைப் பூசி வைத்திருப்பார்கள். அதில் உங்கள் சீரத்தை ஒரு துளி விட்டால், ஆன்டிபாடி இருக்கும்பட்சத்தில் அது புரதத்தில் ஒட்டும். இல்லையென்றால் ஒட்டாது. பிறகு கழுவுவார்கள். ஒட்டாததெல்லாம் போய்விடும். அடுத்து, மனித ஆன்டிபாடியைப் பிடித்துக்கொள்ளும் இன்னொரு ஆன்டிபாடியை விடுவார்கள். அதன் வாலில் ஒரு நொதி கட்டியிருக்கும். மறுபடி கழுவல். கடைசியாக, அந்த நொதி பட்டால் நிறம் மாறும் திரவம். நிறம் வந்தால், எல்லா அடுக்கும் ஒட்டியிருக்கிறது என்று அர்த்தம்.

பார்த்தீர்களா, மொத்த வேலையும் கழுவுவதில் இருக்கிறது! சரியாகக் கழுவவில்லை என்றால் ஒட்டாத நொதி மிச்சம் நின்று, தொற்றே இல்லாதவர் குழியும் நிறம் மாறிவிடும். இதனால்தான் ஒவ்வொரு தட்டிலும் நிச்சயம் பாசிட்டிவ், நிச்சயம் நெகட்டிவ் என்று முன்பே தெரிந்த மாதிரிகளைச் சில குழிகளில் வைப்பார்கள். அவை சொதப்பினால் அந்தத் தட்டின் எல்லா முடிவும் குப்பைக்குத்தான்.

இன்னொரு சிக்கல் காலம். தொற்று ஏற்பட்ட மறுநாள் ஆன்டிபாடி இருக்காது. ஆன்டிபாடியை மட்டும் தேடும் பரிசோதனைகளுக்கு 23 முதல் 90 நாள் வரை ஆகலாம். ஆன்டிபாடியோடு பி24 என்ற வைரஸ் புரதத்தையும் சேர்த்துத் தேடும் நான்காம் தலைமுறை ஆய்வகப் பரிசோதனை 18 முதல் 45 நாளில் காட்டிவிடும். வைரஸின் மரபுப்பொருளையே தேடும் நாட் பரிசோதனைக்கு 10 முதல் 33 நாள். ஆக, நேற்று ஒரு ஆபத்து நடந்து இன்று டெஸ்ட் எடுத்து நெகட்டிவ் வந்தால் நிம்மதியாகிவிடாதீர்கள். அந்த நேரத்தில் உங்களுக்கு வேண்டியது டெஸ்ட் அல்ல, தடுப்பு மருந்து: 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் சாப்பிட வேண்டியது. அரசு மருத்துவமனையில் உடனே கேளுங்கள். சந்தேகம் இருந்தால் தேசிய எய்ட்ஸ் உதவி எண் 1097, கட்டணம் கிடையாது.

ஒரு பாசிட்டிவ் முடிவு ஏன் போதாது?

ஆறு பேருக்கும் ஏன் மறுபடி ரத்தம் எடுத்தார்கள்? ஏன் அமெரிக்கா வரை அனுப்பினார்கள்? மாதிரி மாறிப்போயிருக்கலாம் என்பது ஒரு காரணம். அதைவிட முக்கியமான காரணம் கணக்கில் இருக்கிறது. டேட்டாவோடு வேலை பார்ப்பவர்களுக்கு இது பழகிய விஷயமாகக்கூட இருக்கும்.

ஒரு பரிசோதனை, தொற்று இல்லாதவர்களில் 99 சதவீதம் பேருக்குச் சரியாக 'இல்லை' என்று சொல்லும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கேட்க நன்றாக இருக்கிறது. இந்தியாவில் பெரியவர்களிடையே எச்.ஐ.வி. பரவல் சுமார் 0.2 சதவீதம். 10,000 பேரைச் சோதித்தால் 20 பேருக்கு உண்மையிலேயே தொற்று இருக்கும். அவர்கள் அத்தனை பேரையும் பரிசோதனை பிடித்துவிடுகிறது என்றே வைப்போம். மீதி 9,980 பேரில் ஒரு சதவீதம், அதாவது கிட்டத்தட்ட 100 பேருக்கு, தொற்று இல்லாமலேயே பாசிட்டிவ் வரும். மொத்தம் 120 பாசிட்டிவ், உண்மை 20. உங்கள் கையில் இருக்கும் பாசிட்டிவ் ரிப்போர்ட் சரியாக இருக்க ஆறில் ஒரு வாய்ப்புதான்!

அதே பரிசோதனையை, 100-ல் 6 பேருக்குத் தொற்று உள்ள குழுவில் செய்தால்? 10,000 பேரில் 600 உண்மை, 94 பொய். இப்போது பாசிட்டிவ் என்றால் பெரும்பாலும் சரி. பரிசோதனை மாறவில்லை, சோதிக்கப்படுபவர்கள் மாறிவிட்டார்கள். இன்றைய கிட்டுகள் 99 சதவீதத்தைவிட நன்றாகவே வேலை செய்கின்றன. இருந்தாலும் கணக்கின் அடிப்படை அதேதான்.

வெஸ்டர்ன் பிளாட் இங்கேதான் உதவியது. வைரஸின் புரதங்களை அளவுப்படி பிரித்து, ஒரு சவ்வுத்தாளில் ஒற்றி, அதன்மேல் சீரத்தை விடுவார்கள். எந்தெந்தப் புரதத்துக்கு ஆன்டிபாடி இருக்கிறது என்பது தனித்தனிக் கோடுகளாகத் தெரியும். எலிசா 'ஏதோ ஒட்டியிருக்கிறது' என்று சொன்னால், இது எது எது ஒட்டியது என்று சொல்லும். இப்போது இந்தியாவில், அறிகுறி எதுவும் இல்லாத ஒருவருக்கு எச்.ஐ.வி. என்று சொல்வதற்கு, வெவ்வேறு வகையான மூன்று பரிசோதனைகளிலும் பாசிட்டிவ் வரவேண்டும். தனியார் லேபில் ஒரே ஒரு டெஸ்ட் பாசிட்டிவ் வந்து, ராத்திரி முழுக்க இணையத்தில் தேடிக்கொண்டிருக்கும் யாரையாவது தெரிந்தால், அரசு நம்பிக்கை மையத்துக்குப் போகச் சொல்லுங்கள். பரிசோதனையும் ஆலோசனையும் அங்கே இலவசம்.

அந்தப் பெண்களிடம் யார் கேட்டார்கள்?

இந்தக் கதையைச் சாதனையாக மட்டும் சொல்லிவிட்டுப் போக முடியாது. எதற்காக ரத்தம் எடுக்கிறார்கள் என்று அந்தப் பெண்களுக்குச் சொல்லப்படவில்லை. ஏதோ பால்வினை நோய்க்கான பரிசோதனை என்றுதான் நினைத்தார்கள். இதை நிர்மலாவே பேட்டியில் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். அடைத்து வைக்கப்பட்டிருந்தவர்கள் என்பதால், 'வேண்டாம்' என்று சொல்லும் சுதந்திரமும் இருந்திருக்காது. முடிவு தெரிந்தாலும் கொடுக்க மருந்து இல்லை. முதல் மருந்தான ஏ.இசட்.டி. அமெரிக்காவில் அனுமதி பெற்றதே 1987 மார்ச்சில்தான். நாட்டுக்கு அந்தப் பரிசோதனையால் எச்சரிக்கை கிடைத்தது. அந்த ஆறு பேருக்குக் கிடைத்தது ஒரு முத்திரை. அன்றைய நடைமுறை அப்படித்தான் இருந்தது என்பது உண்மை. அதனால் அது சரியாகிவிடாது.

அடுத்த சில வருடங்களில் முத்திரையின் விலை தெரிந்தது. தொற்று இருப்பதாகச் சொல்லி விஜிலன்ஸ் ஹோமிலேயே பெண்களை வைத்திருந்ததை எதிர்த்துப் பத்திரிகையாளர் சியாமளா நடராஜ் நீதிமன்றம் போக வேண்டியிருந்தது. கோவாவில் 1989-ல், ரத்த தானம் செய்ததால் தொற்று இருப்பது தெரியவந்த டொமினிக் டிசோசா என்ற இளைஞரைப் போலீஸ் பிடித்துக்கொண்டுபோய், பழைய காசநோய் மருத்துவமனைக் கட்டடத்தில் 64 நாள் தனியாக அடைத்தது. அதற்கு அந்த மாநிலத்தின் பொது சுகாதாரச் சட்டம் இடம் கொடுத்தது.

இன்று சட்டம் வேறு. எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம் 2017-ல் நிறைவேறி, 2018 செப்டம்பர் 10-ல் அமலுக்கு வந்தது. உங்கள் சம்மதம் இல்லாமல் பரிசோதிக்கக்கூடாது. முடிவை உங்கள் அனுமதியின்றி வெளியிடக்கூடாது. வேலையில் சேர்க்க எச்.ஐ.வி. பரிசோதனையை நிபந்தனையாக வைக்கக்கூடாது. 100 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் நிறுவனத்தில் இதற்கென்று புகார் அதிகாரி இருக்க வேண்டும். உங்கள் எச்.ஆர். கொடுத்த செக்கப் பட்டியலை ஒருதடவை எடுத்துப் பாருங்கள்.

லேபை விட்டு வெளியே வந்த டாக்டர்

1993-ல் சுனிதி தன் அப்பா பெயரில் ஒய்.ஆர்.ஜி. கேர் என்ற மையத்தைத் தொடங்கினார். மைக்ரோபயாலஜிஸ்ட் என்றால் நோயாளி முகத்தையே பார்க்காமல் குப்பிகளோடு வாழலாம். அவர் நேர் எதிராகப் போனார். ஆலோசனை, பரிசோதனை, சிகிச்சை, ஆராய்ச்சி நான்கும் ஒரே கூரையின் கீழ். தொற்று உள்ளவர்களோடு அவர் வேலை செய்வது கணவருக்கு முதலில் பிடிக்கவில்லை. அவர்களுடைய கதையைக் கேட்டுப் பாருங்கள், பிறகு பேசுங்கள் என்பதுதான் அவருக்கு சுனிதி சொன்ன பதில்.

மையத்துக்கு வந்த பெண்களைப் பற்றிய ஆய்வு 2000-ல் வெளியானபோது, பலருடைய கணிப்பு தலைகீழானது. தொற்றோடு வந்த பெண்களில் பெரும்பாலோர் வாழ்நாளில் கணவரைத் தவிர வேறு துணையே இல்லாத குடும்பப் பெண்கள். 'ஆபத்தான குழுக்கள்' என்று விரலை வெளியே நீட்டிக்கொண்டிருந்தவர்களுக்கு அது சங்கடமான தகவல். என் பார்வையில், 1986 முடிவுக்குச் சற்றும் குறையாத முக்கியத்துவம் இதற்கு உண்டு.

மருந்து விலை இன்னொரு சுவர். 2001-ல் சிப்ளா நிறுவனம் மூன்று மருந்துக் கூட்டை ஆண்டுக்கு 350 டாலருக்குத் தருவதாக அறிவித்தது. 2004 ஏப்ரல் 1 முதல் இந்திய அரசு இலவசமாகத் தரத் தொடங்கியது. ஒன்பது நாடுகளில் 1,763 தம்பதிகளை வைத்து நடந்த எச்.பி.டி.என். 052 ஆய்வில் சென்னையின் ஒய்.ஆர்.ஜி. கேரும் ஓர் ஆய்வு மையம். ஒருவருக்குத் தொற்று உள்ள தம்பதிகளில், அவருக்குச் சீக்கிரமே சிகிச்சை தொடங்கினால் துணைக்குப் பரவுவது 96 சதவீதம் குறைகிறது என்று 2011-ல் அந்த ஆய்வு காட்டியது. மருந்தால் வைரஸ் அளவு கண்டறிய முடியாத நிலைக்குப் போய்விட்டால் உடலுறவு மூலம் தொற்று பரவாது என்று இன்று மருத்துவர்கள் தைரியமாகச் சொல்வதற்கு அதுவும் ஓர் அடித்தளம். தொற்று உள்ளவர்களுக்குள் வரன் பார்த்துக் கல்யாணம் செய்துவைக்கும் வேலையையும் சுனிதி விடவில்லை. ஜாதகத்தோடு மருத்துவ அறிக்கையும் பார்க்கும் தரகர்! 'லவ்சிக்' என்ற ஆவணப்படம் அதைப் பற்றியதுதான்.

2015 ஜூலை 28 அன்று அவர் காலமானார். பத்மஸ்ரீ 2017-ல், மறைவுக்குப் பிறகு வந்தது.

நிர்மலா? 1987 மார்ச்சில் ஆய்வேட்டைச் சமர்ப்பித்து, கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் தடுப்பூசித் தயாரிப்புப் பிரிவில் சேர்ந்து, 2010-ல் ஓய்வு பெற்றார். அவர் பெயர் பரவலாகத் தெரியவந்தது அதற்கும் பல வருடம் கழித்துத்தான். இந்தத் துறையில் கையுறை போட்டு மாதிரி எடுப்பவர் பெயரும் கட்டுரையில் முன்னால் நிற்கும் பெயரும் ஒன்றாக இருப்பது அபூர்வம். வருவதற்கு முன்பே தெரிந்துகொள்ளுங்கள்.

சரி, இந்தத் துறைக்கு வர என்ன வழி?

மருத்துவம் படித்தவர்களுக்கு எம்.பி.பி.எஸ். முடித்து எம்.டி. மைக்ரோபயாலஜி, நோயாளிகளையும் பார்க்க வேண்டும் என்றால் பொது மருத்துவம் படித்துவிட்டுத் தொற்றுநோய்ப் பிரிவில் டி.எம். மருத்துவம் படிக்காதவர்களுக்கும் கதவு திறந்தே இருக்கிறது. மைக்ரோபயாலஜி, பயோடெக்னாலஜி போன்ற படிப்புகளுக்குப் பிறகு, தேசியத் தகுதித் தேர்வு எழுதி உதவித்தொகையோடு முனைவர் பட்டம். 1952-ல் தொடங்கப்பட்ட புனே தேசிய வைராலஜி நிறுவனத்தில் வைராலஜிக்கென்றே முதுநிலைப் படிப்பு இருக்கிறது. மருத்துவக் கல்லூரிகளில் இயங்கும் வைரஸ் ஆராய்ச்சி, நோய்கண்டறியும் ஆய்வகங்களின் வலைப்பின்னல் கொரோனாவுக்கு முன்பே தொடங்கியது. இப்போது டெங்கு, இன்ஃப்ளூயன்சா என்று அங்கே வேலை ஓடிக்கொண்டே இருக்கிறது. தனியார் துறையும் உண்டு. 2020 மார்ச்சில் அனுமதி பெற்ற முதல் இந்தியத் தயாரிப்பு கொரோனா கிட்டை உருவாக்கியது புனேவின் மைலேப் நிறுவனத்தில் வைராலஜிஸ்ட் மினல் தகாவே போஸ்லே தலைமையிலான குழு. பிரசவத்துக்கு முதல் நாள்தான் அவர் கிட்டை மதிப்பீட்டுக்கு ஒப்படைத்தார்.

ஆனால், சேர்ந்தவுடன் புது வைரஸ் உங்களுக்காகக் காத்திருக்காது. முதல் ஒன்றிரண்டு வருடம் பெரும்பாலும் பிப்பெட் பிடிப்பது, தட்டு கழுவுவது, மின்சாரம் போனால் ஃப்ரீசர் வெப்பநிலையைக் குறித்துவைப்பது, கன்ட்ரோல் குழிகள் சரியாக வந்திருக்கின்றனவா என்று பார்ப்பது, வரவில்லை என்றால் காலையிலிருந்து செய்த எல்லாவற்றையும் மறுபடி செய்வது என்றே போகும்.